அறுபத்து நான்குக்கு ஆறு

ஜூன் 15, ஞாயிறு

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அறுபத்து நான்குக்கு ஆறு என்று தோற்ற தேசிய அணியின் பிசியோ நலமாக இருந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

போனில் பிடித்துத் திட்டலாம் என்று பார்த்தால், தோற்றதற்குத் தண்டனையாக முகாமில் எல்லோருடைய போனையும் பிடுங்கிப் பூட்டிவிட்டார்களாம். நல்ல காரியம். பந்தைத்தான் பிடிக்கத் தெரியவில்லை, போனையாவது பிடிக்காமல் இருக்கட்டும். அடுத்த மேட்ச் நான்கு வாரம் கழித்துத்தானே? இதைப் படித்து உறைக்க உனக்கு நேரம் போதும்.

நான் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆறு வருடம் பெண்கள் கிளப்பில் ரக்பி ஆடி, முழங்காலைக் கொடுத்தவள். டிப்போவில் மூன்று பேரிடம் கெஞ்சி டியூட்டியை மாற்றிக்கொண்டு, வருடம் முழுக்க பஸ் ஓட்டுகிறவள் கிடைத்த ஒரு லீவிலும் ஒன்பது மணி நேரம் இன்னொருவன் ஓட்டுகிற பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். அவன் கியர் போட்ட அழகில் பாதி உயிர் போயிற்று. மீதியை உங்கள் அணி எடுத்துக்கொண்டது.

ஸ்கிரம்மில் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேராகத் தோள் கொடுத்து முட்டும்போது, நம் எட்டுப் பேரையும் பழைய அலமாரியை நகர்த்துவதுபோல் தள்ளிக்கொண்டு போனார்கள். அலமாரியாவது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எதிரணிக்காரன் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து டிரை எடுத்தபோதும் நம் கேப்டன் கைதட்டினான். நம்மவர்களை உற்சாகப்படுத்துகிறானாம். எனக்கென்னவோ அவன் அவர்களுக்குத்தான் தட்டுகிறான் என்று பட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வயிற்றெரிச்சல் முழுக்கக் கொக்குமேல்தான். பள்ளிக்கூட நாளில் பூட்ஸை அந்தக் கொக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறினவன். "அக்கா, இன்னைக்கு மூணு டிரை!" என்று படியில் நின்றபடியே சொல்வான். நம் ஏரியாவிலிருந்து முதன்முதலாகத் தேசிய ஜெர்சி போட்டவன். முதுகில் பதினைந்தாம் எண், அணியின் கடைசி காவல்காரன் அவன்தான். காவல்காரன் நின்ற லட்சணத்தைப் பார்த்தாயா? மேலே வந்த மூன்று பந்தையும் விட்டான். எதிரே ஓடிவந்தவனை டேக்கிள் செய்து வீழ்த்தாமல், வழியில் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் ஒதுங்கி நின்றான். ஒரு கட்டத்தில் எதிரணிக்காரர்களோடு போய் வரிசையில் நின்றான்! நீயும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாய், அவன் காதில் என்னவோ சொன்னாய், முதுகில் தட்டினாய், திரும்பி வந்துவிட்டாய். எதற்குத் தட்டினாய்? பந்தைக் கீழே போட்டதற்கா?

இரண்டாம் பாதியில் அவன் எல்லைக்கோட்டுப் பக்கம் வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "டேய் கொக்கு! உனக்கெல்லாம் எதுக்குடா ஜெர்சி? கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போ! உன்னைப் பெத்தவ வெளில தலைகாட்ட வேணாமா?" திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு, அட்ரஸ் விசாரிக்க வந்தவன் மாதிரி. பக்கத்தில் நான்கு பேர் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் சொன்னதை அவனிடம் மறுபடியும் சொல். காதில் விழாமல் போயிருக்கலாம்.

அக்கா

---

ஜூன் 20, வெள்ளி

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒரு டிக்கெட் வாங்கிவிட்டால் பதினைந்து பேரின் முதுகெலும்பையும் சேர்த்து வாங்கிவிட்டதாக உங்களுக்கெல்லாம் நினைப்பு. கம்பிக்கு வெளியே நின்றால் எல்லோருக்கும் ரக்பி தெரியும். உள்ளே வந்து நூற்றுப் பத்து கிலோ ஆள் ஒருவன் நேராக ஓடிவரும்போது எதிரே நின்று பாருங்கள். ஆறு வருடம் ஆடியதாகப் பெருமை அடித்துக்கொள்கிறாய். அந்த முழங்காலுக்கு இன்றுவரை கட்டுப் போடுவது நான்தான். நீ ஆடிய லட்சணம் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

இங்கே காலை ஐந்தரைக்கு எழுப்பி ஓட விடுகிறார்கள். பயிற்சியாளர் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஏய் அறுபத்து நாலு" என்கிறார். எல்லோருக்கும் இப்போது அதுதான் பெயர். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கொக்குவுக்குக் காய்ச்சல். அறையில் படுத்திருக்கிறான். நீ சொன்னதை நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அவனைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

இதற்குக் கீழே இரண்டு வரி அடித்திருக்கிறேன். பேனா சரியில்லை.

தம்பி

---

ஜூன் 25, புதன்

தம்பிக்கு,

சரியில்லாத அந்தப் பேனா, "தம்பி" என்று மட்டும் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது! அடித்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் தெரிந்தது. "கையெழுத்து."

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஏதாவது தப்புச் செய்தால் முதலில் என்னோடு சண்டைக்கு வருவாய்.

நேற்றுப் பேப்பரில் உங்கள் மேலாளர் பேட்டி கொடுத்திருக்கிறார். கோட்டும் டையுமாகப் போட்டோ வேறு. அறுபத்து நான்கு வாங்கிய முகம் மாதிரியே இல்லை, பரிசு வாங்கப் போகிறவர்போல் சிரிக்கிறார். பதினைந்தாம் எண் ஆட்டக்காரர் அடுத்த மேட்சில் இல்லையாம், "ஒழுக்கக் குறைவும் அக்கறையின்மையும்" காரணமாம். படித்ததும் "வேணும்டா உனக்கு" என்று சத்தமாகவே சொன்னேன். காய்ச்சலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நீ காய்ச்சல் என்கிறாய், அவர் கொழுப்பு என்கிறார். எது?

சாயங்காலம் உன் அத்தான் அந்த மேட்சின் பதிவைப் போட்டார். அவருக்கு ரக்பியில் பந்து கோணலாக இருக்கும் என்பதற்குமேல் எதுவும் தெரியாது. நான் திட்டிக்கொண்டே பார்த்தேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர், "வீடியோவில கொஞ்சம் பின்னாடி போ" என்றார். போனேன். "அவனுக்கு அடி பட்டிருக்கே" என்றார்.

கொக்கு ஒருவனைப் பிடிக்கத் தாவுகிறான். அந்த ஆளின் முழங்கால் நேராக இவன் காதுக்கு மேலே விழுகிறது. கீழே கிடக்கும்போது இவனுடைய இரண்டு கையும் விறைத்துக்கொண்டு மேலே நிற்கின்றன. மரக்கட்டை மாதிரி. நான்கு விநாடி. அப்புறம் எழுந்து எதிரணியின் வரிசைக்கு நடக்கிறான். அவன் பந்தைக் கோட்டைவிட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இரண்டு பந்து வந்தது, இரண்டையும் பிடித்திருக்கிறான். நான் அங்கேயே இருந்தேன், இது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நான் ஸ்கோர் போர்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டிப்போவில் ஒரு டிரைவர் கதவில் தலையை இடித்துக்கொண்டால் டாக்டர் சீட்டு இல்லாமல் சாவி தர மாட்டார்கள். மணிக்கு நாற்பதில் போகிற டவுன் பஸ்ஸுக்கே அந்த மரியாதை.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் நீ ஓடினாயே. அவனிடம் என்ன கேட்டாய்? அவன் என்ன சொன்னான்? காதில் பூ சுற்றாமல் எழுது.

அக்கா

---

ஜூன் 30, திங்கள்

அக்கா,

மூன்று விஷயம் கேட்டேன். தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்.

அவன் என்னைப் பார்த்து, "அம்மா வந்துட்டாங்களா?" என்றான்.

என் காதில் ஒயர் மாட்டியிருந்தது. அதில் பயிற்சியாளர், "நடக்கறானா?" என்று கேட்டார். நடக்கிறான் என்றேன். "நடந்தா ஆடட்டும். ஏற்கனவே ரெண்டு பேர் வெளில. உனக்கு வேலை வேணுமா வேணாமா?" அவன் முதுகில் தட்டிவிட்டு வந்தேன். நீ பார்த்தது அதைத்தான்.

அணிக்கு டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார், காகிதத்தில். நான் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன், குரூப் போட்டோவில். அதனால் படிவம் என்னிடம்தான் வரும். இடைவேளையில் வந்தது. "தலைக்காயம் இல்லை, தொடர்ந்து ஆடலாம்." கையெழுத்துப் போட்டேன். பெயருக்கு அடியில் வழக்கம்போல் கோடுகூடப் போட்டேன். அதுதான் இப்போது என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை. வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை. அவன் அறை ஜன்னலில் நான்தான் போர்வை கட்டியிருக்கிறேன். சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறான். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான், மீதியை நான் சொல்வேன் என்று காத்திருப்பவன்போல. மேலாளரிடம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். "அனுப்பினா ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் வந்தா உன் கையெழுத்தும் வரும். யோசிச்சுக்கோ" என்றார். யோசித்துக்கொண்டே பதினாறு நாள் போய்விட்டது.

இப்போது எட்டாம் தேதி விசாரணை. சங்கத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள், தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்க. அதற்காக மேலாளர் ஒரு காகிதத்தை டைப் செய்தே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேட்சுக்கு முந்தின நாள் கொக்கு குடித்திருந்தான், நான் பார்த்தேன் என்று. என் பெயர்கூட அடித்தாகிவிட்டது. கீழே ஒரு கோடு மட்டும் காலியாக இருக்கிறது. போட்டால் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம்.

நான் என்ன செய்யட்டும், அக்கா?

இன்னொன்று. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீ என்னைப் பற்றி நினைப்பதெல்லாம் சரி. ஆனால் நீ மட்டும் சுத்தமாக வெளியே நிற்க வேண்டாம். அந்த மேட்சில் நடந்தது அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான்: "அண்ணே, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைத் திட்டுச்சே, யாரு அந்தம்மா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

உன் முகம் அவனுக்குத் தெரியவில்லை. உன் பஸ்ஸில் வளர்ந்தவனுக்கு.

தம்பி

---

ஜூலை 3, வியாழன்
கூரியரில்

தம்பி,

இதைப் படித்து முடிக்காதே. இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. போய்விட்டு வந்து மீதியைப் படி.

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் கையில் கிடைத்தது. உடனே முகாம் ஆபீசுக்கு நான்கு தடவை போன் அடித்தேன். "வீரர்கள் ஓய்வில் இருக்காங்க மேடம்" என்று ஒருவன் நான்கு தடவையும் ஒரே குரலில் சொன்னான். ஐந்தாவது தடவை எடுக்கவில்லை. டியூட்டிக்கு ஆள் போட்டுவிட்டு நேராகக் கொக்குவின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் நூல் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "குடிக்க மாட்டான்னு நினைச்சேங்க." உங்கள் மேலாளர் பத்து நாளைக்கு முன்பே அவளுக்குப் போன் செய்து, உங்கள் மகன் குடித்துவிட்டு நாட்டின் மானத்தை வாங்கிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். அவள் வெளியே சொல்லவில்லை. கம்பெனியில் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சமாளித்திருக்கிறாள். மகனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், வீட்டுப் பக்கம் வராதே என்று. அது அவனிடம் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், அதை அவனுக்குப் படித்துக் காட்டினது யார்? வெளிச்சத்தில் கண் திறக்க முடியாதவன் தானே படித்திருக்க மாட்டான்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததையும், நான் செய்ததையும். அவள் அழவில்லை. பையில் இரண்டு துணியை வைத்துக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள். நானே கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். நாளைக்கு உங்கள் வாசலில் நிற்பாள்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். வெட்கமாக இல்லை? நாற்பது வயது ஆகிறது. நான் போடாதே என்று சொல்லி நீ போடாமல் இருந்தால், நாளைக்கு வேலை போன கோபத்தை என்மேல் காட்டுவாய். போடு என்று சொல்லமாட்டேனா என்ற ஆசையும் உனக்குள் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். நான் எதையும் சொல்லப்போவதில்லை. அந்தப் பேனா உன் கையில் இருக்கிறது.

கத்தினது நான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதைச் சொல்லிக் காட்டி உன்னுடையதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. என் வாயால் அவன் மனசு நொந்தது. உன் கையெழுத்தால் அவன் இன்னும் நாற்பது நிமிடம் அடி வாங்கினான்.

அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், என்ன பார்த்தேன் என்று எழுதி, வீடியோவில் எந்த நிமிடம் என்பதையும் குறித்து, சங்கத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் வார்த்தையை யார் மதிக்கப்போகிறார்கள்? நான் பஸ் ஓட்டுகிறவள். ஆனாலும் அனுப்பினேன்.

அக்கா

---

ஜூலை 9, புதன்

அக்கா,

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே என் பையையும். உன்னோடு பேசுகிற தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். நண்பன் ஒருவனுடைய அறையில் இருக்கிறேன்.

அவன் அம்மா வந்தாள். கூரியருக்கு முன்பே வந்துவிட்டாள். காவலாளி உள்ளே விட மறுத்ததும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தவில்லை, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோல. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ கொக்கு படியில் இறங்கி வந்தான், கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு. நான் அவன் தோளைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மேலாளர் ஜன்னலிலிருந்து, "அவன் கேட்டைத் தாண்டினா நீயும் தாண்டின மாதிரிதான்!" என்று சத்தம் போட்டார். தாண்டினோம்.

ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அணியில சேர்ந்தப்ப வீட்டுக்கு வந்து, நான் பாத்துக்கறேன்மான்னு சொன்னது நீங்கதானே?" ஆமாம் என்றேன். அதன்பிறகு என்னோடு அவள் பேசவே இல்லை. ஸ்கேனில் மண்டைக்குள் பழைய ரத்தக் கசிவு. சின்னதுதான், ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம். இன்னொரு இடி விழுந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த வாரம் உங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதாக இருந்தது, நேற்றே மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தைக் கேட்டாயே. அவனுக்குப் படித்துக் காட்டியது நான்தான். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

விசாரணை நேற்று நடந்தது. மூன்று பெரிய மனிதர்கள். ஒருவர் தூங்கினார். ஒருவர் முழு நேரமும் போனில் யாருக்கோ வீட்டு டைல்ஸ் விஷயமாகச் செய்தி அனுப்பினார். மூன்றாவது ஆள் மட்டும் கேட்டார். படிவத்தில் உள்ள கையெழுத்து என்னுடையதுதான், அது பொய், ஒயரில் வந்த குரல் இன்னாருடையது என்று வரிசையாகச் சொன்னேன். டைப் செய்த காகிதத்தைக் கோடு காலியாக இருந்தபடியே மேஜைமேல் வைத்தேன். பயிற்சியாளர் சிரித்தார். "சார், இவன் தண்ணி பாட்டில் தூக்கறவன். இவனைப் போய்..." என்றார். தூங்கினவர் அந்தச் சிரிப்புக்குத்தான் விழித்தார்.

முடிவைக் கேட்டுக்கொள். என்னை நீக்கியாகிவிட்டது, பொய்யான படிவம் கொடுத்ததற்காக. அது நியாயம்தான். பயிற்சியாளருக்கு எச்சரிக்கை. மேலாளருக்கு அதுவும் இல்லை. கொக்கு குடித்தான் என்ற பேச்சை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அதைப் பேப்பருக்குச் சொல்லவில்லை. உன் கடிதம் கோப்பில் இருந்தது. அந்த மூன்றாவது ஆள் அதில் கோடு போட்டு வைத்திருந்தார், அதை மட்டும் பார்த்தேன்.

சனிக்கிழமை அடுத்த மேட்ச். அதே கோட்டு, அதே விசில். யாரையாவது தொடர்ந்து ஆடலாம் என்று எழுத வேறு ஒருவன் வந்திருப்பான்.

தம்பி

---

ஜூலை 14, திங்கள்

தம்பிக்கு,

ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம். போன தடவை ஆறு புள்ளியாவது இருந்தது. உங்கள் மேலாளர், "முன்னேற்றத்துக்கான அறிகுறிகள் தெரிகின்றன" என்று பேட்டி கொடுத்திருக்கிறார். அந்த மனிதர்மேல் துப்பினால்கூட எச்சில் வீண்.

நான் மேட்ச் பார்க்கவில்லை. சனிக்கிழமை எனக்கு டியூட்டி. பின் சீட்டில் ஒருவன் போனில் பார்த்துக்கொண்டே வந்தான், கொக்குவின் இடத்தில் ஆடிய புது ஃபுல்-பேக்கின் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினான். அடுத்த ஸ்டாப்பில் கொஞ்சம் அழுத்தி பிரேக் போட்டேன். போன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்காவது மாடி, கடைசி அறை. திரையைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்கள். இளைத்திருக்கிறான், கழுத்து இன்னும் நீளமாகத் தெரிகிறது. என்னைப் பார்த்ததும், "அக்கா, உங்களுக்கு இன்னைக்கு டியூட்டி இல்லையா?" என்றான். முகம் தெரிகிறது. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "அன்னைக்குக் கம்பிக்கிட்ட நின்னு திட்டினது நான்தான்டா" என்றேன்.

"நீங்களா?" என்றான். "நான் யாரோன்னு நினைச்சேன். யாரோன்னா பரவாயில்லன்னு இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னான். மன்னிச்சுக்கோ என்று நான் சொன்னபோது தலையை ஆட்டினான், சரி என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. அவன் அம்மா கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே, "அவன் மறந்துருவான். எனக்கு மறக்காது. ஆனா என்னை பஸ் ஏத்தி விட்டதும் நீங்கதான், அதையும் மறக்க மாட்டேன். ரெண்டையும் வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். அவளோடு உட்கார்ந்து மீதித் துணியை மடித்தேன்.

இனி ஆட முடியாது என்று டாக்டர் அவனிடம் சொல்லிவிட்டார். இருபத்து மூன்று வயது. ஒரு காலத்தில் அவன் பெயரைச் சொல்லி டிப்போவில் பெருமை அடித்தவள் நான், அந்தப் பெருமை போன கோபத்தில்தான் அன்று கத்தினேன், அவனுக்காக இல்லை. இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. நீயும் என்னைப்போல் ஒரு ஆள்தானே.

வேலை போனதற்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் சொல்ல வேண்டியதை மூன்றரை வாரம் கழித்துச் சொன்னாய். ஆனால் சொன்னாய். அந்த அறையில் கோட்டுப் போட்ட எவனும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவன் கேட்டான், "பிசியோ அண்ணன் ஏன் வரல?" உன் சார்பாக நான் எதற்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டும்? உள்ளதைச் சொன்னேன். "அவனுக்கு உன் மூஞ்சியில முழிக்க வெட்கம்டா."

அதற்கு அவன் சொன்னான்: "வெட்கப்படட்டும்க்கா. இங்க வந்து வெட்கப்படச் சொல்லுங்க."

பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், சனிக்கிழமை வா.

அக்கா